பாதுகாப்பு உண்டு, தகவல் எங்கே?

சிங்கப்பூரின் சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் கீழே ஈரச்சந்தை. மாடியில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகளுடன் நாட்டின் மிகப் பெரிய உணவங்காடி நிலையம். டோஃபு, சோயா பால், சோயா சாஸ் என்று இரண்டிலும் சோயா நிறைந்திருக்கிறது. தேக்காவின் சைவ உணவகங்களிலும் அதற்கு இடமுண்டு. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூருக்குச் சோயாவும் கடல் கடந்தே வருகிறது. உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்பும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் விளையும் சோயாவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மரபணு மாற்றப்பட்டது. மாற்றப்படாத சோயாவைத் தனியே பிரித்து விற்போரும் உண்டு. ஆனால் தன் தட்டில் இருப்பது எந்த வகை என்பதைச் சிங்கப்பூரில் சாப்பிடுபவர் அறிய வழியில்லை. மரபணு மாற்ற உணவுக்கென்று இங்கே தனி லேபிள் விதி கிடையாது. இந்த உணவு பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு அறிவியல் பெருமளவு விடை சொல்லிவிட்டது. எஞ்சியிருப்பது, உண்பவருக்கு அதை அறியும் உரிமை உண்டா என்ற அறம் சார்ந்த கேள்வி.

முதலில் பாதுகாப்பைப் பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த குழு 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2016-இல் அறிக்கை தந்தது. இன்று விற்பனையில் உள்ள மரபணு மாற்றப் பயிர்கள், வழக்கமான பயிர்களைவிட மனிதருக்கு அதிக ஆபத்தானவை என்பதற்குச் சான்றில்லை என்பது அதன் முடிவு. இதனால் எந்த மரபணுவைப் புகுத்தினாலும் தீங்கில்லை என்று ஆகிவிடாது. 1990-களில் சோயாவின் சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. அந்தக் கொட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தம் இந்தச் சோயாவுக்கும் எதிர்வினை காட்டியதை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. பயிர் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஆபத்து முறையில் இல்லை, சேர்க்கப்படும் பொருளில் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1999 முதல் மரபணு மாற்ற ஆலோசனைக் குழு இயங்குகிறது. விற்பனைக்கு முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த முன்னனுமதியை வலியுறுத்துகிறது.

இத்தனை சோதனை இருந்தும் அச்சம் ஏன் அகலவில்லை? 2012-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் செராலினியின் குழு, மரபணு மாற்றச் சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்ததாக எழுதியது. எலிகளின் எண்ணிக்கை முடிவுக்குப் போதாது, அந்த வகை எலிகளுக்கு இயல்பாகவே கட்டிகள் வரும் என்ற விமர்சனங்களுக்குப் பிறகு, வெளியிட்ட இதழே 2013-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2000-இல் நடந்தது வேறு வகை. கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் சோளம் அமெரிக்காவில் மனித உணவில் கலந்துவிட்டது. அதனால் ஒவ்வாமை வந்ததாகப் புகார் சொன்னவர்களைச் சோதித்தும் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் பிரித்து வைத்த பயிர் கலந்துவிடும் என்பது நிரூபணமானது. எந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்ற கணக்கு இருந்தால்தான் தவறு நேரும்போது அதைத் திரும்பப் பெற முடியும். லேபிள் அந்தக் கணக்கைக் கட்டாயமாக்குகிறது.

லேபிளுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், பாதுகாப்பான பொருளின் மேல் அது வீண் பயத்தை ஏற்றும் என்பது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 2016-இல் லேபிளைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, அங்கே மரபணு மாற்ற உணவுக்கு எதிர்ப்பு 19 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. மறைக்கவில்லை என்று தெரிந்ததும் மக்களின் சந்தேகம் தணிகிறது. இரண்டாவது வாதம் செலவு. ஐரோப்பிய ஒன்றியம் 0.9 விழுக்காடு என்ற வரம்போடும், அமெரிக்கா 2022 முதல் 5 விழுக்காடு என்ற வரம்போடும் லேபிளைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தச் சந்தைகளுக்கு விற்கும் நிறுவனங்களிடம் விவரம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவது வாதம் கனமானது: சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவின் தடயம் ஏறக்குறைய மிஞ்சுவதில்லை, ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டறிவது கடினம். ஐரோப்பா இதற்குச் சரக்கு ஆவணங்களை நம்புகிறது. சிங்கப்பூர் முதல் கட்டமாகச் சோயா, சோளப் பொருட்களின் பொட்டலங்களிலும் கடைகளுக்கு வரும் மூட்டைகளிலும் தொடங்கலாம். அங்காடிக்காரர் ஒவ்வொரு தட்டுக்கும் சீட்டு ஒட்ட வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு இது புதிய கொள்கையும் அல்ல. 2020 டிசம்பரில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழி இறைச்சிக்கு உலகிலேயே முதலில் விற்பனை அனுமதி தந்தது இந்த நாடு. பாதுகாப்பானது என்று சான்றளித்த பிறகும், அது வளர்ப்பு இறைச்சி என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என உணவு அமைப்பு விதித்தது. சோயாவுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை? ஹலால், சைவம், மாட்டிறைச்சி விலக்கு என்று நம்பிக்கை சார்ந்து உணவைத் தேர்ந்தெடுப்போர் நிறைந்த ஊர் இது. அவர்கள் கேட்பது நச்சுச் சோதனையை அல்ல. தங்கள் உணவைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை.

அந்த உரிமையை மதிக்காவிட்டால் நல்ல தொழில்நுட்பமும் தோற்கும். இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் ஒழுங்குமுறைக் குழு ஒப்புதல் தந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் வகைகளை உருவாக்கியிருந்தது. ஆனால் சோதனைத் தரவுகள் நீண்ட இழுபறிக்குப் பிறகே பொதுவெளிக்கு வந்தன. விவசாயிகளும் நுகர்வோரும் நம்பவில்லை. ஏழு நகரங்களில் கருத்துக் கேட்ட அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதற்குத் தடை விதித்தார். அதே கத்தரிக்காயை வங்கதேச விவசாயிகள் 2014 முதல் பயிரிடுகிறார்கள். சோதனையை வல்லுநர்கள் செய்யலாம்; சம்மதத்தை மக்கள்தான் தர வேண்டும். நல்ல சோதனை முறையை வைத்திருக்கும் சிங்கப்பூர், அதன் முடிவைப் பொட்டலத்தின் மேல் ஒரு வரியாக எழுதத் தயங்கக் கூடாது.