கம்மல் காதுக்குள் போய்விட்டால்

காது குத்தி முடித்த வீட்டில் பெரியவர்களின் முதல் கவலை புண்ணைப் பற்றியதல்ல, கம்மல் எங்கேயாவது விழுந்து தொலைந்துவிடுமோ என்பதுதான். அரை கிராம் என்றாலும் தங்கம், அதுவும் தாய்மாமன் போட்டது. எனவே திருகாணியை நன்றாக இறுக்குகிறார்கள். குழந்தை கழற்றிவிடாதபடி நுனியைக் கொஞ்சம் நசுக்கிவிடுங்கள் என்று ஆசாரியிடமே சொல்பவர்களும் உண்டு. குத்திய இடம் வீங்காதவரை இதனால் ஒன்றுமில்லை. வீங்கினால்தான் வினை.

வீங்கும் காது மடலுக்கு விரிய இடம் வேண்டும். முன்னால் கல், பின்னால் திருகாணி, இடையில் தண்டின் நீளமோ மாறாது. இரண்டுக்கும் நடுவில் மடல் நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அழுந்திய தோல் புண்ணாகிறது. அந்தப் புண்ணின் மேல் வளரும் புதுத் தோல் உலோகத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறது. சில நாட்களிலேயே இது நடந்துவிடலாம். பெரும்பாலும் பின்பக்கம்தான் முதலில் மறையும். காதின் பின்புறத்தை மடித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏது? சில நேரம் முன்பக்கக் கல்லே உள்ளே போய்விடும். கம்மல் எங்கோ விழுந்துவிட்டது என்று வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தேடியிருப்பார்கள், அது காதுக்குள்ளேயே இருக்கும்.

கம்மலைத் திருப்பினால் திரும்பவில்லை, பின்பக்கத் திருகாணி கண்ணுக்குத் தெரியவில்லை, தொட்டால் கடினமான ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது, துளையிலிருந்து நாற்றத்தோடு சீழ் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இந்த நிலையில் எண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டு காத்திருப்பதும், குறடு எடுத்து வீட்டிலேயே இழுப்பதும் நிலைமையை மோசமாக்கும். இழுக்கும்போது தண்டு மட்டும் கையோடு வந்து திருகாணி உள்ளேயே தங்கிவிடும், அல்லது மடலே கிழியும்.

லேசாகச் சிவந்து நீர் கசியும் காதின் கதை வேறு. கல்லும் திருகாணியும் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தால் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் துளையின் வாய் மூடி, சீழ் உள்ளேயே தேங்கக்கூடும். திருகாணியைத் தளர்த்தி, காய்ச்சி ஆறிய ஒரு கோப்பை நீரில் கால் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒற்றி எடுக்கலாம். இரண்டு நாளில் வற்றாவிட்டால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

போகத் தயங்குவதற்குப் பலர் சொல்லும் காரணம் ஒன்றே: “கழற்றினால் ஓட்டை தூர்ந்துவிடுமே.” தூர்ந்தால் தூரட்டும். துளையை மறுபடி போட்டுக்கொள்ளலாம், கிழிந்த மடலைத் தைத்துச் சீராக்குவதுதான் பெரிய வேலை. தூராமல் இருக்க வேப்பங்குச்சியும் விளக்குமாற்றுக் குச்சியும் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தரையைப் பெருக்கிய குச்சியைத் திறந்த புண்ணுக்குள் வைப்பது ரணஜன்னிக் கிருமிக்கு வழி திறந்துவிடுவதுதான்.

காதுக்குள் போன கம்மலை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ அறுவை சிகிச்சைப் பிரிவிலோ எடுத்துக்கொள்ளலாம். முதலில் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிறதா என்று தெளிவில்லாவிட்டால் ஒரு எக்ஸ்ரே போதும், உலோகம் பளிச்சென்று தெரிந்துவிடும். பிறகு மரத்துப்போக ஊசி. சீழ் பிடித்த தசையில் அந்த மருந்து சரியாக வேலை செய்யாது என்பதால், சற்றுத் தள்ளிக் காதைச் சுற்றிப் போடுவதும் உண்டு. மரத்த பிறகு முன்பக்கமிருந்து மெல்ல அழுத்தினாலே சிலருக்குத் திருகாணி வெளியே எட்டிப் பார்க்கும். வராவிட்டால் மடலின் பின்பக்கத் தோலில் சில மில்லிமீட்டர் மட்டும் கீறி, திருகாணியைக் கருவியால் பிடித்துக்கொண்டு கழற்றுவார்கள். பின்பக்கம் கீறினால் தழும்பு வெளியே தெரியாது. சீழ் வடிய வேண்டும் என்பதால் பெரும்பாலும் தையல் போடாமல் விட்டுவிடுவார்கள். கையையும் காலையும் உதறும் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அப்படியானால் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள், ரணஜன்னிக்கான டி.டி. ஊசி தேவையா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எடுத்ததும் கல், தண்டு, திருகாணி மூன்றும் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நகை உங்களுடையது.

இதுவரை சொன்னது மென்மையான கீழ்மடலுக்கு. மேல் காதில் குத்தியிருந்தால் ஆபத்தே வேறு. அங்கே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்திய மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. சீழ் சேர்ந்து சவ்வைத் தூக்கிவிட்டால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து செத்துப்போகும், காது சுருங்கிக் கோணும். பிறகு பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது எளிதல்ல. கீழ்மடல் சாதாரணமாக இருக்க, மேல் காது மட்டும் சிவந்து வீங்கித் தொட முடியாமல் வலித்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலும் குற்றவாளி சூடோமோனாஸ் என்ற கிருமி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலின் மாத்திரைக்கு அது மசியாது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு ஒரே கடையில் மேல் காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது, சிலரின் காது உருக்குலைந்தது. விசாரித்தபோது, கிருமி நீக்கத் தெளித்த மருந்துப் பாட்டிலிலேயே கிருமி இருந்தது.

பார்லர்களிலும் நகைக் கடைகளிலும் பயன்படும் துப்பாக்கி போன்ற கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன், மேல் காதுக்கு அறவே கூடாது. கூரற்ற தண்டை வேகத்தால் உள்ளே தள்ளுவதால் தசை நசுங்குகிறது. பின்பூட்டு தோலோடு ஒட்டிப் பூட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் பாகங்கள் இருப்பதால் பல கருவிகளை நீராவி அழுத்தத்தில் சுத்தம் செய்யவும் முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியும், வீக்கத்துக்கு இடம் விடும் நீளத் தண்டும் கேட்டு வாங்குங்கள். போட்ட பிறகு தோலுக்கும் திருகாணிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும்.

நகையின் உலோகமும் வீக்கத்துக்குக் காரணமாகலாம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் நீர்க்கசிவும் வரும், பார்ப்பதற்குத் தொற்றுபோலவே இருக்கும். குத்திய துளையில் போடும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. இங்கே நாம் நம்புவது ஹால்மார்க்கை. ஆனால் அந்த முத்திரை தங்கம் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, மீதி என்ன கலந்தது என்று சொல்லாது. இன்னொன்றும் உண்டு: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. குழந்தைக் கம்மல்களில் பெரும்பாலானவை இந்த விலக்குக்குள் வந்துவிடும். ஆகவே எத்தனை காரட், என்ன கலப்பு என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முத்திரை இருந்தால் அதிலுள்ள 6 இலக்க எழுத்தெண் குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

சரி, கடையின் தவறால் இப்படி ஆனால்? பணம் வாங்கிக்கொண்டு குத்தும் கடையும் பார்லரும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. நகை வாங்கினால் காது குத்துவது இலவசம் என்று சொன்ன கடையானாலும், அது விற்பனையோடு சேர்ந்த சேவைதான் என்று வாதிட இடமிருக்கிறது. அதற்கு நகையின் பில் கையில் இருக்க வேண்டும். வெறுமனே வீங்கியது என்றால் வழக்கு நிற்காது. ஊசியை மாற்றவில்லை, தண்டு குட்டையாக இருந்தது, பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வலிக்கிறது என்று திரும்பப் போனபோது இன்னும் இறுக்கி அனுப்பினார்கள் என்பதுபோலக் குறிப்பான குறைபாட்டைக் காட்ட வேண்டும். எந்தக் காது, உள்ளே என்ன இருந்தது, எப்படி எடுத்தார்கள் என்பதை டாக்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எடுத்த நகையை உருக்கவோ மாற்றவோ வேண்டாம், திருகாணிதான் உங்கள் முதல் சாட்சி.

தனியார் மருத்துவமனையில் எடுத்தால் கட்டணத்தை முன்கூட்டிக் கேளுங்கள், ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அங்கே குறை இருந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ, டாக்டர் மீதான புகாரானால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிடமோ போக வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கிவந்து சிகிச்சைச் செலவைக் கொடுத்துவிடும். கொடுக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.