குளிர்சாதனப் பெட்டிக்கு ஏற்ற வாயு எது?

ஊசி போடுமுன் நர்ஸ் நம் கையில் ஸ்பிரிட் தடவுகிறார். தடவிய இடம் சில்லென்று குளிர்கிறது. ஏன்? ஸ்பிரிட் ஆவியாக வெப்பம் வேண்டும். அதை நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்சாதனப் பெட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. உள்ளே குழாயில் ஒரு திரவம் ஆவியாகி, பாலிலும் காய்கறியிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தி வெளிக் குழாய்களுக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் திரவமாகிறது.

அப்படியானால் தண்ணீரையே பயன்படுத்தலாமே என்று நாம் கேட்கலாம். தண்ணீரைக் குளிரில் கொதிக்க வைக்கக் குழாயில் ஏறக்குறைய வெற்றிடம் வேண்டும். பூஜ்யம் டிகிரியில் அது உறைந்தும்விடும். கார்பன்-டை-ஆக்ஸைடோ 31 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஆகவே பூஜ்யத்திற்குக் கீழே கொதித்து, மிதமான அழுத்தத்திலேயே திரவமாகும் வாயுதான் நமக்குத் தேவை.

அம்மோனியா இதற்கு மிகவும் பொருத்தமானது. பூஜ்யத்திற்குக் கீழே 33 டிகிரியில் கொதிக்கும். ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 327 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் அது நச்சு வாயு. வீட்டில் கசிந்தால் ஆபத்து.

1928இல் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் பிரியான் என்ற வாயுவைக் கண்டனர். ஒரு கிராமுக்குச் சுமார் 40 கலோரிதான். எனினும் நஞ்சில்லை, தீப்பற்றாது. 1930இல் ஒரு கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். உலகமே அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் எதனோடும் எளிதில் சேராத அதன் நற்குணமே தீமையாயிற்று. அது அழியாமல் வானில் உயர்ந்து, அங்கே புற ஊதாக் கதிர்களால் சிதைந்து, அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் இருவரும் 1974இல் எடுத்துரைத்தனர். 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. பிரியானும் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

இன்று பல வீட்டுப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் உள்ளது. சமையல் வாயுவின் உறவான இது ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் தீப்பற்றும். ஆகவே சிறிதளவே அடைக்கிறார்கள். உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்; குழாய் ஓட்டையானால் வாயு கசியும்.

குறையே இல்லாத வாயு எதுவுமில்லை. நல்லது என்று ஏற்றுக்கொண்டதையும் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.