கிளிங்கான் மொழி

கிளிங்கான் மொழி என்பது ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுப் படைப்புகளில் வரும் வேற்றுக்கோள் இனத்தவருக்காக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியாகும். இதை உருவாக்கியவர் அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட்.

தோற்றம்

1979-இல் வெளிவந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் டூஹன் சில கிளிங்கான் சொற்களை அமைத்தார். 1984-இல் வெளிவந்த மூன்றாம் திரைப்படத்துக்காக, அச்சொற்களின் ஒலிகளை அடிப்படையாகக் கொண்டு ஓக்ரண்ட் முறையான இலக்கணம் வகுத்தார். அவர் தொகுத்த கிளிங்கான் அகராதி 1985-இல் வெளியானது.

ஒலிகள்

இம்மொழியின் ஒலிகள் ஒவ்வொன்றும் மனித மொழிகளில் உள்ளவையே. அவற்றின் சேர்க்கைதான் வழக்கத்துக்கு மாறானது. நம் டகரத்தைப் போல நாவை மடித்து ஒலிக்கும் ஓர் ஒலி இதில் உண்டு. ஆனால் நம் ககரம் இல்லை. அதற்குப் பதிலாக, தொண்டைக்கு அருகில் உள்நாக்கில் பிறக்கும் ஒலி வருகிறது.

இலக்கணம்

தமிழைப் போலவே கிளிங்கானும் ஒட்டுநிலை மொழி. சொல்லின் பின் விகுதிகள் வரிசையாகச் சேரும். பெயர்ச்சொல்லுக்கு 5 வகை, வினைச்சொல்லுக்கு 9 வகை விகுதிகள் உள்ளன. ‘வீடுகளில்’ என்பதை ஏறத்தாழ ‘ஜுஹ்-மெய்-டக்’ என்பர். ஜுஹ் என்றால் வீடு. மெய் என்பது ‘கள்’. டக் என்பது ‘இல்’.

சொல்வரிசையில்தான் பெரிய வேறுபாடு. தமிழில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என வருவது இயல்பு. கிளிங்கானில் முதலில் செயப்படுபொருள், அடுத்து வினை, கடைசியில் எழுவாய். ‘அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார்’ என்பது ‘குழந்தை பார் அதிகாரி’ என்ற வரிசையில் அமையும். தமிழில் ‘ஐ’ உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. கிளிங்கானில் அத்தகைய உருபு இல்லை. எனவே இரு பெயர்களையும் இடம் மாற்றினால், குழந்தை அதிகாரியைப் பார்ப்பதாகிவிடும். மனித மொழிகளில் இவ்வரிசை மிக அரிது. பிரேசிலின் ஹிஷ்கரியானா மொழியில் உள்ளது.

பயன்பாடு

1992-இல் அமெரிக்காவில் கிளிங்கான் மொழி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ இம்மொழியில் பெயர்க்கப்பட்டது. 2010-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கிளிங்கான் இசைநாடகம் ஒன்று அரங்கேறியது.

1990-களில் அமெரிக்க மொழியியல் அறிஞர் ஒருவர் தம் மகனிடம் பிறந்தது முதல் கிளிங்கானில் மட்டுமே பேசிப் பார்த்தார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். அன்றாட வீட்டுப் பொருள்கள் பலவற்றுக்குக் கிளிங்கானில் சொல் இல்லை. தந்தையைத் தவிர அதைப் பேச வேறு எவரும் இல்லை. சில ஆண்டுகளில் குழந்தை ஆங்கிலத்தையே விரும்பியதால் முயற்சி கைவிடப்பட்டது.

முட்சுன் மொழி

கிளிங்கானுக்கு முன்பே ஓக்ரண்ட் இன்னொரு மொழிக்கு இலக்கணம் எழுதியிருந்தார். கலிபோர்னியப் பழங்குடியினரின் முட்சுன் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930-இல் இறந்துவிட்டார். முன்னோர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு, 1977-இல் தம் முனைவர் பட்ட ஆய்வாக அம்மொழியின் இலக்கணத்தை அவர் எழுதினார். பின்னாளில் முட்சுன் மக்கள் தம் மொழியை மீட்க முனைந்தபோது அந்த இலக்கணம் அவர்களுக்கு உதவியது. இலக்கணமும் அகராதியும் இரு மொழிகளுக்கும் உண்டு. முட்சுனுக்கு அவற்றோடு, அதைத் தம் பிள்ளைகளிடம் பேச விரும்பும் ஒரு சமூகமும் இருக்கிறது.