ஊர்க்காரங்களே தண்ணீரைச் சோதிச்சா மலை ஓடையைக் காப்பாத்த முடியுமா?

கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி பகுதிக்குத் தண்ணீர் தரும் வரதமாநதி, பழனி மலையில்தான் உற்பத்தியாகிறது. மலைச்சரிவு கெட்டால் கீழே வரும் தண்ணீரும் கெடும்.

யார் சோதிக்கலாம்?
2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதனைப் பயிற்சி தரப்படுகிறது. அதே சோதனைப் பெட்டியை ஓடைக்கும் பயன்படுத்தலாம்.

எது எதைக் காட்டும்?
* மழைக்குப் பின் ரொம்பக் கலங்கலா? சரிவில் மண் அரிக்கிறது.
* குடிநீரில் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். அதைத் தாண்டினால் உரமோ கழிவுநீரோ கலந்திருக்கலாம்.
* பாக்டீரியா சோதனைக் குப்பி கறுத்துவிட்டதா? காய்ச்சாமல் குடிக்காதீங்க.

ஒருமுறை சோதித்தால் போதுமா?
போதாது. ஓடையின் மேலேயும் கீழேயும் அதே இடங்களில் மாதாமாதம் சோதிக்கணும். மேலே தெளிவு, கீழே கலங்கல் என்றால் பிரச்னை நடுவில்தான்.

என்ன பயன்?
தேதி, இடம், மழை விவரத்தோடு எழுதி வைத்தால், ஆய்வகத்தில் மறுசோதனை கேட்கலாம். தடுப்பணை, மரக்கன்று எங்கே தேவை என்று அதிகாரிகளிடம் காட்டலாம். வேலை முடிந்தபின் பலன் கிடைத்ததா என்பதையும் அதே நோட்டு சொல்லிவிடும்.