தண்ணி குடிச்ச வண்டி

பழைய கார் பார்க்க அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால், அவர் பளபளக்கும் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். கதவைத் திறந்ததும் மூச்சை இழுத்து முகர்வார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுவார். தினமும் மாட்டுகிற பகுதி சுத்தமாகத்தான் இருக்கும். உள்ளே சுருண்டு கிடக்கிற மிச்சத்தில் மங்கலாக ஒரு வண்டல் கோடு தெரிந்தால் போதும். "அண்ணாச்சி, இது தண்ணி குடிச்ச வண்டி" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிடுவார்.

நெல்லையில் இந்தச் சந்தேகத்துக்குத் தேதி உண்டு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷன் பக்கமும் கொக்கிரகுளத்திலும் புகுந்தது. தெருவோரம் நின்ற கார்களெல்லாம் முங்கின. தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகத்தான் யாருக்கும் கை பரபரக்கும்.

அந்த ஒரு திருகலில்தான் எஞ்சின் போகிறது. பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது காற்றையும் எரிபொருளையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும்; டீசலில் அதைவிடவும் அதிகம். காற்று நெருக்கினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீர் சிலிண்டரில் நின்றால், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு தரும் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகூட, தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனது என்றால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எதுவரை ஏறியது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் புத்தி.

எஞ்சின் தப்பினாலும் ஒயரிங் இருக்கிறது. சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்குக் கீழும் ஓடுகிற இணைப்புகளில் செம்பு பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒருநாள் கண்ணாடி இறங்காது. இன்னொருநாள் ஏர்பேக் விளக்கு அணையாது. எப்போது, எது என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. விலையைத் தின்பது இந்தத் தெரியாமைதான்.

இதைப் பொருளாதாரமாகவே எழுதியவர் ஜார்ஜ் அகெர்லாஃப். 1970இல் வந்த அவருடைய கட்டுரைக்கு உதாரணமே பழைய கார்ச் சந்தைதான். விற்பவருக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சந்தேகத்தைக் கழித்துக்கொண்டே விலை கேட்கிறார். ஒழுங்காக வைத்திருந்தவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்க, சந்தையில் மோசமான வண்டிகளே தங்குகின்றன. 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது. நெல்லையின் டி.என். 72 நம்பர் பலகையோடு மதுரைப் பக்கம் விற்கப் போகிறவருக்கு இதைப் புரிந்துகொள்ள நோபல் தேவையில்லை. மாடியேற்றாத குறையாகத் தன் காரைக் காப்பாற்றியவரும் அக்கம்பக்கத்து வெள்ளத்துக்குச் சேர்த்து விலை குறைக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளம் என்றைக்கோ வருவது. உப்பு தினமும் வருவது. திருச்செந்தூர், உவரி பக்கம் கடற்காற்றில் நிற்கிற வண்டிக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். இரும்பு துருவாவது ஒரு மின்வேதிவினை. உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேலை வேகமாக நடக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் போல எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே போயிருக்கும். கடலோரம் போய் வந்தால் மேலே துடைப்பதைவிட அடிப்பாகத்தையும் சக்கர வளைவையும் நல்ல தண்ணீரில் அலசுவது மேல். உப்புச் சுவை உள்ள போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள்தான் மிச்சம். குடிக்கிற ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்துக் காருக்கு அடிக்க மனம் வராது. ஒரு வாளியும் துணியும் போதும்.

கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு அவற்றில் இலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். கதவு உள்ளுக்குள் குளமாகி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஈர்க்குச்சி வைத்து மாதம் ஒருமுறை குத்திவிட்டால் தீர்ந்தது. செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, யாரும் செய்வதில்லை. ஆனால் விற்கிற வாரம் டிங்கரிங், பாலிஷ் என்று பணத்தைக் கொட்டுவார்கள். வாங்க வருகிற மெக்கானிக்குக்கு அந்தப் பளபளப்பே சந்தேகம். பெயிண்டின் தடிமனை அளக்கும் சின்னக் கருவி இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒரு கதவில் மட்டும் அளவு எகிறினால், "இங்க என்ன நடந்துச்சு?" என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்குப் பதில் சொல்லக் கையில் காகிதம் வேண்டும். மங்கிப்போகுமுன் நகலெடுத்து வைத்த சர்வீஸ் பில்கள், தேதி வரிசையில். நெல்லையில் அந்தக் கோப்பைப் புரட்டுகிறவர் தேடுவது 2024 ஜனவரித் தாளைத்தான். அதில் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலி என்று மூன்றே வரி இருந்தால், சீட் பெல்ட்டை இரண்டாம் முறை உருவ மாட்டார்.