தேறும் வாரம்



மாரத்தான் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓட்டமும் வியர்வையும் விடாமுயற்சியும்தான். 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரத்தை ஓடி முடிக்க விரும்புகிறவர் பல மாதங்கள் பயிற்சி செய்ய வேண்டும். அந்தப் பயிற்சியில் எந்த வாரம் மிகக் கடினம் என்று எங்கள் ஓட்டக் குழுவில் கேட்டுப் பாருங்கள். அதிகமாக ஓடும் வாரத்தை யாரும் சொல்லமாட்டார்கள். குறைவாக ஓடச் சொல்லும் வாரத்தைத்தான் சொல்வார்கள்! ஓட்டக்காரர்கள் இதை 'ரெக்கவரி வாரம்' என்பார்கள். நோயில் கிடந்தவர் 'தேறி வருகிறார்' என்று நாம் சொல்வதில்லையா? அதே பொருளில் நாங்கள் இதைத் 'தேறும் வாரம்' என்கிறோம்.

நாங்கள் சென்னையில் கடற்கரையை ஒட்டிய சாலைகளில் விடியுமுன் ஓடுகிறவர்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர் என்று பலரும் இருக்கிறோம். சென்னை மாரத்தான் ஜனவரியில் நடைபெறுவதால், மழைக்காலம் முழுவதும் எங்களுக்குப் பயிற்சிக்காலம். முதல் வாரம் 40 கிலோமீட்டர், அடுத்த வாரம் 44, மூன்றாம் வாரம் 48 என்று தூரத்தைக் கூட்டுவோம். நான்காம் வாரம் 32 கிலோமீட்டராகக் குறைத்துவிடுவோம். ஞாயிறன்று ஓடும் நீண்ட ஓட்டமும் 22 கிலோமீட்டரிலிருந்து 14 ஆகிவிடும். பிறகு மீண்டும் ஏறத் தொடங்குவோம்.

ஏன் இப்படிக் குறைக்க வேண்டும்? ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை. அப்போது அது களைத்து, தேய்ந்து போகிறது. தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. தசையில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்கிறது. இவற்றைச் சரிசெய்யும் வேலை, நாம் உண்டு, உறங்கி, ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான்.

எலும்பின் கதை இன்னும் வியப்பானது. புதிய பளுவைத் தாங்க எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது, முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. அரித்தெடுக்கச் சில வாரங்கள் போதும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். இடைப்பட்ட நாள்களில் அந்த இடம் சற்று வலுவிழந்திருக்கும். ஆனால் இதயமும் நுரையீரலும் பயிற்சிக்கு விரைவில் பழகிவிடுகின்றன. மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று நாம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். கால் எலும்போ இன்னும் தயாராகவில்லை. எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுவது இப்படித்தான்.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக், கடும் பயிற்சிக்குப் பெயர் பெற்ற ஓட்டக்காரர். 1950ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பியப் போட்டி நெருங்கிய வேளையில், அவர் நோயுற்று மருத்துவமனையில் படுத்துவிட்டார். அங்கிருந்து நேராகப் போட்டிக்கு வந்தது போல வந்தவர், 10,000 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிடத்திற்கும் மேலான இடைவெளியில் வென்றார். 5,000 மீட்டரிலும் அவருக்கே வெற்றி. நோய் நல்லது என்று இதற்குப் பொருள் அல்ல. தானாக எடுக்கத் துணியாத ஓய்வு அவருக்கு அந்தப் படுக்கையில் கிடைத்தது.

இவ்வளவும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு பாடம் கற்க நேர்ந்தது. எங்கள் குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கியவர். தேறும் வாரத்தில் எங்களோடு சேர்ந்து குறைவாக ஓடிவிட்டு, இரவில் யாருக்கும் தெரியாமல் தனியாக ஓடியிருக்கிறார். கெண்டைக்காலின் முன்எலும்பில் ஓரிடத்தில் மட்டும் வலி வந்தது. அதையும் மறைத்தார். கடைசியில் எலும்பில் விரிசல் என்று தெரிந்தபோது, போட்டிக்கு ஐந்து வாரங்களே இருந்தன.

"ஏன் அண்ணே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "ஒரு வாரம் விட்டால் பழைய ஆளாக ஆகிவிடுவேனோ என்று பயம்" என்றார். அந்தப் பதில் எங்களைச் சுட்டது. அதிக தூரம் ஓடியவருக்கே நாங்கள் கைதட்டினோம். ஓய்வெடுத்தவரை ஒரு நாளும் பாராட்டியதில்லை. அவருடைய பயத்தை வளர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு வாரம் தூரத்தைக் குறைத்தால் சேர்த்த உடல்திறன் போய்விடாது என்பதை அன்றே அவருக்கு அமர்ந்து விளக்கியிருக்க வேண்டும். இப்போது தேறும் வாரத்தில், ஓட்டம் முடிந்ததும் வட்டமாக அமர்ந்து பேசுகிறோம். உறக்கம் எப்படி? காலையில் எழும்போது நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா? காரணமின்றி எரிச்சல் வருகிறதா? எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலிக்கிறதா? அப்படி வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்கிறோம்.

அந்த ஜனவரியில் அண்ணன் ஓடவில்லை. 32ஆவது கிலோமீட்டரில், கால்கள் சோர்ந்து போகும் இடத்தில், தண்ணீர்ப் புட்டியோடு நின்று எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். அடுத்த ஆண்டு அவரே ஓடி முடித்தார். இன்று எங்கள் குழுவில் தேறும் வாரத்தை நடத்துகிறவர் அவர்தான். புதிதாக வருகிறவர் முகத்தில் அந்தப் பயத்தைக் கண்டால், அருகில் போய் மெதுவாக அவரோடு நடக்கிறார்.

ஓயாமல் உழைப்பவரையே நாம் புகழ்ந்து பழகிவிட்டோம். நம் வீட்டிலும் பணியிடத்திலும் 'இன்று கொஞ்சம் ஓய்வெடுங்கள்' என்று நாம் சொல்ல வேண்டியவர் யார்? அவர் அச்சமின்றி ஓய்ந்திருக்க, நாம் என்ன செய்யப் போகிறோம்? சிந்திப்போம்.