தவிடு கற்பித்த பாடம்

வெண்மையான சோற்றை விரும்பாதார் நம்முள் மிகச் சிலரே. மல்லிகை அரும்பு போன்ற சோறு என்று புகழ்கின்றோம். தவிட்டின் நிறம் சிறிது தோன்றினும் முகஞ் சுளிக்கின்றோம். இவ்வெண்மையின் பொருட்டுத் தென்கிழக்காசிய நாடுகளில் எண்ணிறந்த மக்கள் உயிரிழந்தனர் என்று கூறின், நண்பர்கள் வியப்புறுவர். எனினும் அது மெய்யே. அக்கொடுமையின் காரணத்தை மருத்துவர் ஒருவர் தனித்திருந்து கண்டாரல்லர். பல துறையினரும் தத்தம் பங்கைச் செய்த பின்னரே அது வெளிப்பட்டது. வறிய நாடுகளின் உணவை ஆராய்வார்க்குப் பல்கலை அறிவு ஏன் வேண்டும் என்பதை அவ்வரலாற்றைக் கொண்டு ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரிபெரி என்பது ஒரு நோய். இது பற்றினார்க்குக் கால்கள் மரத்து நடை தளரும். சிலர்க்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் சோர்ந்து உயிர் நீங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகப் பெருக, இந்நோயும் பெருகிற்று. உரலில் குத்திய அரிசியில் தவிடும் முளையும் ஓரளவு தங்கும். தவிட்டில் எண்ணெய்ப்பசை உண்டு. ஆதலின் அவ்வரிசி நாட்படச் சிக்கு நாற்றம் அடையும். கப்பலேற்றித் தொலைவிலுள்ள நாடுகளுக்கு அனுப்பும் வணிகர்க்கு அது நட்டம். ஆலையோ தவிடு முழுவதையும் நீக்கி, நெடுநாள் கெடாத வெள்ளரிசியைத் தந்தது. அதனை உண்டு முதலில் வீழ்ந்தோர் யாவர்? படைவீரர், சிறையாளர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோர். அஃதாவது, தம் உணவைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாதவர்.

ஜாவாத் தீவில் இந்நோயை ஆராயுமாறு 1886ஆம் ஆண்டு ஒல்லாந்து அரசினர் அறிஞர் சிலரை அனுப்பினர். நோய்களுக்கெல்லாம் கிருமியே காரணம் என்னும் கொள்கை மேலோங்கியிருந்த காலம் அது. அவர்களும் கிருமியையே தேடினர். அவர்களுடன் சென்ற எய்க்மன் என்னும் மருத்துவர், ஆய்வுக்கென வளர்த்த கோழிகள் அந்நோய் போன்றதொரு நோயால் கால் தளர்ந்து விழக் கண்டார். பின்னர், யாரும் எதிர்பாராவண்ணம், அவை தாமே நலமுற்றன. வினவியபோது உண்மை வெளிப்பட்டது. படை மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய வெள்ளைச் சோறு அக்கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் படையின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிடவே, அவை தவிடு நீங்காத அரிசியைத் தின்று பிழைத்தன!

கோழிக்குக் கண்டது மாந்தர்க்கும் பொருந்துமோ? இதனை அறிய வோர்டர்மன் என்பார் ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். ஏறக்குறைய 2,80,000 சிறையாளர் அக்கணக்கில் அடங்கினர். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேர்க்கு ஒருவர் நோயுற்றனர். தவிட்டரிசி வழங்கிய சிறைகளிலோ 10,000 பேர்க்கு ஒருவரே. ஆயினும் எய்க்மன், சோற்றில் ஒரு நஞ்சு உண்டென்றும் தவிடு அதற்கு மாற்று மருந்தென்றும் முதலில் கருதினார். நோய்க்குக் காரணம் நஞ்சன்று, உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருளின் இன்மையே என்று 1901இல் கூறியவர் அவர்க்குப் பின் வந்த கிரைன்ஸ் ஆவார்.

மலேயாவில் நேர்ந்தது நம்மவர்க்கு நெருங்கியது. ஆங்கு ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெரிபெரியால் திரள் திரளாக மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1905ஆம் ஆண்டின் இறுதியில் பிளெச்சர் என்னும் மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்குப் பச்சரிசியும் மற்றையோர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டோருள் பலர் நோயுற்றனர். அவருள் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் எவரும் அந்நோயால் மாளவில்லை. தம் உணவு பற்றி ஒரு சொல்லும் சொல்ல உரிமையற்ற அவ்வெளியோரே இவ்வறிவுக்கு விலை கொடுத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

புழுங்கலரிசியின் சிறப்பு யாது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே சென்று பதிகின்றது. ஆதலின் பின்னர்த் தீட்டினும் அது முழுதும் நீங்குவதில்லை. நெல் அவித்த நம் மூதாட்டியர் இக்காரணத்தை அறிந்திலர். எனினும் அவர்தம் வழக்கம் பல்லாயிரவர் உயிரைக் காத்தது.

அச்சத்தைப் பிரித்துக் காணும் பணி வேதியியலாரைச் சார்ந்தது. அவருள் தலைசிறந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்க மிஷனெரிமாரின் மகனாக 1886இல் நெல்லூரிற் பிறந்த இவர், 1910இல் மணிலா நகரில் தவிட்டை ஆராயத் தொடங்கி, 1936இல் அச்சத்தின் அமைப்பைக் கண்டு, அதனைச் செயற்கையாகவும் ஆக்கினார். இன்று தயமின் அல்லது பி1 வைட்டமின் என வழங்குவது அதுவே.

நிற்க. காரணம் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. நோய் ஒழிந்ததோ? 1948இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தான் மாகாணத்தில், 200 அரிசிக்குச் சத்தேற்றிய அரிசி ஒன்று வீதம் கலந்து விற்றனர். ஈராண்டிற்குள் ஆங்குப் பெரிபெரிச் சாவுகள் பெரிதும் குறைந்தன. நாடெங்கும் அவ்வாறே கலத்தல் வேண்டுமென 1952இல் சட்டமும் பிறந்தது. ஆயின் அச்சட்டம் செவ்வனே நடைபெறவில்லை. சத்தரிசியை வாங்கும் அளவைக் கொண்டு, தாம் அரைத்த நெல்லின் அளவை அரசு கணக்கிட்டு வரி விதிக்கும் என ஆலைக்காரர் அஞ்சியது அதற்கு ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் வென்ற அறிவு வரிக்கணக்கில் தோற்றது! பொருளியலும் சட்டமும் அறிந்தார் துணை உணவாராய்ச்சிக்கு வேண்டும் என்பது இதனால் தெற்றென விளங்கும்.

கம்போடியாவில், வெள்ளரிசியையே பெரிதும் உண்ணும் தாய்மாரின் பாலில் தயமின் குன்றுதலால், கைக்குழந்தைகள் பெரிபெரிக்கு இரையாவதுண்டு. அண்மைக்காலத்து ஆய்வாளர் அம்மக்களை நோக்கி, வெள்ளரிசியைக் கைவிடுக என்று அறிவுரை கூறவில்லை. அவர்கள் நாள்தோறும் சேர்த்துக்கொள்வது யாது என முதலில் ஆராய்ந்து, மீனை உப்பிலிட்டு வடிக்கும் சாற்றில் தயமினைக் கலந்து, பிரே வெங் மாகாணத்தில் வழங்கிப் பார்த்தனர். தாய்மாரிடத்தும் சேய்களிடத்தும் அச்சத்து உயர்ந்தது. உண்பவர் வழக்கத்தை மதித்த மருத்துவம் இது.

தமிழ் கற்கும் எம்போன்றார்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது, உணவை மரத்தோடும் விலங்கோடும் தொழிலோடும் ஒருங்கு வைத்தார். உணவு தனித்து நிற்பதன்று என்பதை அவ்வைப்புமுறை நமக்கு நினைவூட்டுகின்றது. மேலும், புழுங்கலரிசியின் அருமை முதலில் விளங்கியது நூல்களிலன்று, தொழிலாளர் உலைப்பானையில். இன்ன குடியினர் எதனை உண்கின்றனர், எதனை விலக்குகின்றனர், எச்சொல்லால் அதனை வழங்குகின்றனர் என்று, அவர்தம் மொழியிலேயே பணிவோடு கேட்டு எழுதுவார் வேண்டும். வேதியியல் மாணவர் சோதனைக் குழாயோடும், பொருளியல் மாணவர் கணக்கேட்டோடும், நாம் செவியோடும் ஒரே அடுப்பங்கரைக்குச் செல்வோமாக. ஆங்குக் கழுநீரிலும் வடிகஞ்சியிலும் கரைந்து போவது யாது என்பதையேனும் அறிந்து திரும்புவோம்.